முருங்கை மரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில்

"கஷ்டத்துல நின்னுக்கிட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லுதவனைக் கண்டா..." என்று எங்கள் அப்பா ஒன்று சொல்வார் அண்ணாச்சி. அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதும் சரியில்லை, அவர் அதற்கு மேல் சொன்னதே இல்லை. அரிசி மில் வைத்திருந்தவர். மில் சத்தத்தில் பேசிப் பேசி, எதையும் பாதி வரைக்கும்தான் வாயால் சொல்வார், மீதி கையால். கையை இப்படிக் கீழே பார்த்து ஒரு வீசு வீசுவார். கண்டால் விலகிப் போய்விடு என்றுதான் அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுக்க முடியும், சொல்லுங்கள்.

பையைக் கீழே வைக்க வேண்டாம், நான் நகர்ந்துகொள்கிறேன். திருச்செந்தூரிலிருந்து வருகிறீர்களா? மொட்டையில் சந்தனம் இன்னும் காயவில்லை. நான் பாளையங்கோட்டைக்கு. ஆஸ்பத்திரி. என் மனைவிக்கு இன்றைக்கு ஆபரேஷன். மார்பில் கட்டி. கேன்சர்தான். மென்று முழுங்கிப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

ஆபரேஷன் அன்றைக்கு புருஷன்காரன் பஸ்ஸில் என்ன செய்கிறான் என்று பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியதுதான். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் அக்காவைக் கூட்டிக்கொண்டு நேற்றே போய் அட்மிட் ஆகிவிட்டாள். எனக்கு என்ன வேலை கொடுத்துவிட்டுப் போனாள் தெரியுமா? வீட்டைத் திறந்து வைத்து, வருகிற பெண்களுக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டுமாம். இருபது வருடம் மஸ்கட்டில் எண்ணெய்க் குழாய் வெல்டிங்குக்கு நான் கையெழுத்துப் போட்டால்தான் குழாயில் எண்ணெய் ஓடும். இப்போது டீ மாஸ்டர். அதனால் வீட்டைப் பூட்டினேன், கேட்டைப் பூட்டினேன், சாவியை இதோ பாக்கெட்டில் போட்டேன், கிருபாபுரம் விலக்கில் வந்து நின்றேன், உங்கள் பஸ் வந்தது.

எந்தப் பெண்கள் என்கிறீர்களா? ஸ்தோத்திரப் பெண்கள்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்கள் ஆட்களிடம் ஒரு சின்னப் புத்தகம் உண்டு, ஆயிரம் ஸ்தோத்திரம் என்று. உங்கள் கோவிலில் அர்ச்சனைக்குப் பேர் பேராகச் சொல்வார்களே, அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வானத்தை விரித்தவரே ஸ்தோத்திரம், கடலுக்கு எல்லை வைத்தவரே ஸ்தோத்திரம், இப்படி ஒருத்தர் வாசிக்க, மற்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்று சொல்ல வேண்டும். நன்றி என்று வைத்துக்கொள்ளலாம், துதி என்றும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. எதையும் கேட்கக் கூடாது. அதைத் தாரும், இதை நீக்கும் என்று ஒரு வார்த்தை வாயில் வரக் கூடாது. நன்றி மட்டும்தான்.

சரி, வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் இந்தப் புத்தகம் நல்ல காலத்தில் அலமாரியை விட்டு இறங்காது. வீட்டில் ஒரு இடி விழுந்தால்தான் இறங்கும். யாருக்காவது ரத்தத்தில் கோளாறு, மகன் கப்பலில் போய் போன் இல்லை, நிலத்தில் வழக்கு, உடனே புத்தகம் வந்துவிடும். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது, இன்றைக்கு ஆயிரம் நன்றி. நான் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரிசல் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். குழாயைத் தடவிக் கொடுத்து, நீ நல்லா இருப்பதற்கு நன்றி என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தேன் என்றால், இந்நேரம் அந்த ஊர் ஜெயிலில் உட்கார்ந்திருப்பேன். நான் தப்பாகச் சொல்கிறேனா?

ரூபி, என் மனைவி, ஈஸ்டருக்கு முந்தின வாரம் குளித்துவிட்டு வந்து சொன்னாள், "ஏங்க, இங்க ஒரு கட்டி மாதிரி இருக்கு." நான் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த சோதனை, எல்லாம் ஒரே வாரம். டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார்கள். இன்னும் பரவவில்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனால் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அது நேர்மையான பேச்சு. எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ரூபி என்ன செய்தாள்? அழுதாளா? இல்லை. சற்குணம் டீச்சருக்குப் போன் போட்டு, "டீச்சர், இனிமே வெள்ளிக்கிழமை ஸ்தோத்திரம் நம்ம வீட்டுல வைப்போமா" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கிறது, அவ்வளவுதான் சொன்னாள். விஷயம் தெரிந்தது எனக்கும் என் அக்கா வயலட்டுக்கும் மட்டும்.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் திருவிழாதான். சற்குணம் டீச்சர் ரிட்டயர் ஆனவர்கள், இன்னும் வருகைப் பதிவு எடுக்கிற குரல். பிராய்லர் கடை எப்சி. மற்ற நாளெல்லாம் கோழி அறுக்கிற கை, வெள்ளிக்கிழமை மேலே தூக்கியிருக்கும். இன்னும் நாலைந்து பேர், ஒருத்திக்கு மூட்டு வலி, ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு மருமகள். உட்கார்ந்து ஆயிரமும் சொல்வார்கள். முடிந்ததும் டீயும் தட்டையும். தட்டையைக் கடித்துக்கொண்டு சாளை மீன் என்ன விலை என்று பேச்சு. இவ்வளவு நேரம் வானத்தை விரித்தவரிடம் பேசிய வாய்.

நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். சும்மா இல்லை. படித்துக்கொண்டிருப்பேன். தமிழிலும் இங்கிலீஷிலும் படித்தவன் நான், இரண்டிலும் இந்த நோயைப் பற்றி என்ன உண்டோ எல்லாம் படித்தேன். படித்ததை அவளுக்கும் சொன்னேன். ஒருநாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த நிலையில் இருக்கிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அஞ்சு வருடம் தாண்டுகிறார்கள், எத்தனை பேர் தாண்டுவதில்லை, நிதானமாக, பயப்படுத்தாமல் விளக்கினேன். பாதியில் கை கழுவப் போனாள். திரும்பி வரவில்லை. கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கிறாள். கேட்கிற பொறுமை கிடையாது அண்ணாச்சி. ஆயிரம் ஸ்தோத்திரத்துக்கு உட்காருகிற பொறுமை இருக்கிறது, புருஷன் சொல்கிற நாலு புள்ளிவிவரத்துக்கு இல்லை.

ஆயிரமும் முடிந்த பிறகு சொந்த ஸ்தோத்திரம் என்று ஒன்று உண்டு. அவரவர் தன் வாயால் ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கதவு சரியாகச் சாத்தவில்லை, காதில் விழுந்தது. ரூபி முறை. "டாக்டரம்மாவுக்கு நிதானமான கை குடுத்தீரே, ஸ்தோத்திரம். வயலட் மைனியத் தந்தீரே, ஸ்தோத்திரம். முருங்க மரம் இந்த வருசமும் காச்சிருக்கே, ஸ்தோத்திரம். எங்க வீட்டுக்காரர் ஊருக்குத் திரும்பி வந்தாரே, ஸ்தோத்திரம். தண்ணி மோட்டார் ரிப்பேர் ஆகாம ஓடுதே, ஸ்தோத்திரம்."

கேட்டீர்களா? முருங்கை மரத்துக்கும் தண்ணி மோட்டாருக்கும் நடுவில் நான். இருபது வருடம் பாலைவனத்தில் வெந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மோட்டாருக்கு முந்தின இடம்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன், "நான் வந்ததும் மோட்டார் ஓடுததும் ஒண்ணா?"

சிரித்தாள். "இல்லைங்க. மோட்டார் இல்லாட்டி எனக்குக் கஷ்டம்" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம்? இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அதற்கும் எங்கேயாவது ஒரு ஸ்தோத்திரம் சொல்லி வைத்திருப்பாள், கேட்டுப் பார்த்தால் தெரியும். நான் கேட்கவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நடப்பது. போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நடந்தது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கோவில் என்றால் சர்ச், நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். அங்கே ஸ்தோத்திரக் காணிக்கை என்று கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பிறந்த நாள், கல்யாண நாள், பேரன் பாஸ், புது வண்டி. ஐயர் பேரையும் காரணத்தையும் வாசிப்பார். ஐயர் என்றால் எங்கள் பாதிரியார். காரியம் நடந்த பிறகுதான் கவர் போடுவது வழக்கம். எங்கள் சபையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஐயர் வாசிக்கிறார், "திருமதி ரூபி ஹட்சன், தேவன் தந்த சுகத்திற்காக."

திரும்பிப் பெண்கள் பக்கம் பார்க்கிறேன், இவள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை சுகத்துக்கு நன்றி, கவரில் போட்டு, ஒட்டி.

பிறகென்ன, ஊர் என்ன நினைக்கும்? முடிந்துவிட்டது, சுகமாகிவிட்டது என்றுதானே. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிட்டாம்லா, சொல்லவே இல்லியே ஹட்சா." இன்னொருத்தர், "ஆண்டவர் பெரியவர்." எப்சி ரூபியின் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சற்குணம் டீச்சர் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா தம்பி, நம்ம ஸ்தோத்திரம் வீண் போகல" என்றார்கள்.

நம்ம ஸ்தோத்திரம். அந்த வார்த்தையில்தான் எனக்கு ஏறிவிட்டது.

நான் சத்தம் போடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னேன். "ஆபரேசனே இனிமேதான். வெள்ளிக்கிழமை. சின்ன ஆபரேசன் இல்லை, மார்புல கேன்சர். எடுத்துப் பாத்தாத்தான் எதுவும் தெரியும். அதுக்கு முன்னால யாரும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம்."

ஒரு சத்தம் இல்லை அண்ணாச்சி. கோவில் வாசலில் அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. உள்ளே ஜெபத்தின்போதுகூட அப்படி இருக்காது. உண்மைக்கு அந்தச் சக்தி உண்டு. எப்சி கையை எடுத்துக்கொண்டாள். ரூபி குடையை விரித்துப் பிடித்திருந்தாள், நல்ல வெயில், அதை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வெயிலில் குடையை மடக்குவானேன். நான் பின்னால் போய்க் கேட்டேன், நடையை எட்டிப் போட்டாள்.

சாயங்காலமே தொடங்கிவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில், ஆரஞ்சுப் பழம், முகத்தை இந்த நீளத்துக்குத் தொங்கப் போட்ட ஆட்கள். ஒருத்தி வந்து உட்கார்ந்து, தன் நாத்தனாருக்கும் இதே இடத்தில்தான் வந்தது என்று ஆரம்பித்து, அடக்கம் வரைக்கும் சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை ஸ்தோத்திரப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். உட்கார்ந்தார்கள். சற்குணம் டீச்சர் புத்தகத்தைத் திறந்து முதல் வரி வாசித்தார்கள். ஸ்தோத்திரம் என்று சொல்ல ஒரு வாயும் திறக்கவில்லை. எல்லாம் மூக்கை உறிஞ்சுகிறது. எப்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குகிறாள். டீச்சருக்கு இரண்டாவது வரியில் குரல் போய்விட்டது.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதுதான் இவர்களுடைய நன்றி என்று நினைத்தேன். சின்ன ஆபரேஷன் என்றால் ஆயிரம் வரும். உண்மையான பேரைச் சொன்னால் ஒன்றுகூட வரவில்லை. சாயம் வெளுத்துவிட்டது. நான் தப்பாகச் சொல்கிறேனா?

பிறகு ரூபிதான் டீச்சர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். அவளே வாசித்தாள், அவளே ஸ்தோத்திரம் சொன்னாள். வாசிக்கிறவளும் அவள்தான், பதில் சொல்கிறவளும் அவள்தான். அழுகிறவர்கள் அழுதுகொண்டே இருந்தார்கள். எவ்வளவு நேரம் வாசித்தாள் என்று தெரியவில்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

அவர்கள் போன பிறகு வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை நீங்க வர வேண்டாம். மைனி வரட்டும்."

"ஏன்?"

"அவங்க யாருக்கும் தெரியாம இருந்துச்சி. வெள்ளிக்கிழமதோறும் அந்த ஒரு மணி நேரம் நான் சும்மா ரூபியா இருந்தேன். வேற யாரும் எனக்கு அதைத் தரல. இப்ப அதுவும் இல்ல."

"நான் பொய்யா சொன்னேன்?"

"பொய்னு நான் சொல்லலியே. அன்னைக்கு அவங்க எல்லாரும் நம்ம வீட்டுல உக்காந்து ஸ்தோத்திரம் சொல்லுவாங்க. என்னை உள்ள கொண்டு போற நேரத்துல இங்க சொல்லிக்கிட்டு இருக்கணும். டீச்சர்ட்ட பேசிட்டேன், அழ மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. நீங்க வீட்டைத் திறந்து வச்சி, டீ மட்டும் போட்டுக் குடுங்க. எனக்கு அது போதும்."

அது போதுமாம். நான் வயலட் அக்காவிடம் போய் நியாயம் கேட்டேன். அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள், தலை நிமிரவில்லை. நானும் விடவில்லை. "அப்பா என்ன சொல்லுவாரு? கஷ்டத்துல நின்னுக்கிட்டு நன்றி சொல்லுதவனைக் கண்டா..." என்று சொல்லி, அப்பா மாதிரியே கையை வீசிக் காட்டினேன். "விலகிப் போயிரணும். நீயும் விலகித்தான் இருக்கணும், அவகூடச் சேந்து ஆடுத."

"எல, விலகிப் போகவா?" அக்கா அரிவாள்மனையை நிமிர்த்தி வைத்தாள். "நீ மில் வாசல்ல நின்னு பாத்தவன். நான் உள்ள இருந்து பாத்தவ. அப்பா கைய வீசல. பக்கத்துல கெடக்க அரிசி மூட்டையத் தட்டுவாரு. உக்காருன்னு. பேசாம பக்கத்துல போய் உக்காருன்னு."

அவளுக்குச் சாதகமாக ஞாபகம் வைத்திருக்கிறாள், பெண்களுக்கு இது கைவந்த கலை. அப்பாவும் போய்விட்டார், மில்லும் போய்விட்டது, யாரைப் போய்க் கேட்க? நான் பார்த்த கை எனக்குத் தெரியாதா? கீழே பார்த்த கை. இப்படி. ஆமாம், தட்டுகிற மாதிரியும் இருக்கும்தான். அதற்காக?

ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்துப் போட்டதும் அக்காதான். கையெழுத்துப் போட்டே வாழ்ந்தவன் நான். என் மனைவியை அறுக்கலாம் என்று இன்னொருத்தர் கையெழுத்து.

உங்கள் மொட்டையைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். உங்கள் முறை எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணாச்சி. வேண்டுதல், காரியம் நடந்தது, மொட்டை. கொடுக்கல் வாங்கல் மாதிரி சுத்தமாக இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது பத்தாது. என்ன காரியம் நடந்தது, சொல்லலாம் என்றால் சொல்லுங்கள். மகளுக்குக் கல்யாணமா?

வேண்டுதல் இல்லையா? அப்புறம்?

சும்மாவா? சும்மா திருச்செந்தூர் போய், சும்மா மொட்டை போட்டீர்களா? போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதாமே. சரிதான். இந்த பஸ்ஸில் எனக்கென்று வாய்த்த சீட்டு.

இருங்கள், போன். அக்கா.

...

கொண்டுபோய்விட்டார்களாம். இப்போதுதான் ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்களாம். கதவு வரைக்கும் அக்காவின் கையைப் பிடித்திருந்தாளாம். "வீட்டுல ஆரம்பிச்சிட்டாங்களா மைனி, அவரு கதவைத் திறந்துட்டாரா"ன்னு கேட்டாளாம். அக்கா என்னைக் கேட்காமலே ஆரம்பித்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இப்போது என்னைக் கேட்கிறாள், "ஆரம்பிச்சாச்சுல்லா தம்பி? திறந்து குடுத்துட்டல்லா?"

நான் "ம்" என்றேன். பஸ் சத்தம் என்ன என்று கேட்டாள். வாசலில் பஸ் போகிறது என்றேன். எங்கள் தெருவுக்கு பஸ்ஸே கிடையாது, அவளுக்கும் தெரியும். வைத்துவிட்டாள்.

இப்படிப் பார்க்காதீர்கள். ஒரு பொய்தான். அவளும்தான் ரூபியிடம் பொய் சொன்னாள்.

நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன செய்வேன்? புருஷன் என்று வாசலில் நிற்பேன். டாக்டரம்மா வெளியே வந்தால் நாலு கேள்வி கேட்கிற ஆள் வேண்டும், அக்காவுக்கு என்ன தெரியும்? இந்தப் பெண்கள் ஒரு நாள் வேறு வீட்டில் உட்கார்ந்து சொல்லட்டும். எப்சி வீட்டில் சொல்லட்டும், கோழியும் கூடச் சேர்ந்து சொல்லும். என் வீடுதான் வேண்டும் என்று ஆண்டவருக்கு என்ன பிடிவாதம்?

மறுபடி போன். சற்குணம் டீச்சர். இது மூன்றாவது தடவை, நான் பஸ் ஏறுவதற்கு முன்பிருந்தே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எடுக்கவா? எடுத்தால் என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பூட்டிவிட்டுப் போயிட்டீங்களே தம்பி, இது நியாயமா என்பார்கள். சொல்லட்டும். எனக்கும் பதில் இருக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களே கேளுங்கள், நான் சொன்னதெல்லாம் சரியா என்று தெரியும்.

"தம்பி, ஹட்சன் தம்பி, கேக்குதா? உங்க வீட்டுக் கேட்டு பூட்டியிருந்துச்சி. எங்களுக்கு அப்பமே புரிஞ்சிட்டு. மனசு கேக்காம ரூபிகிட்ட ஓடிட்டீங்க, என்ன? நல்ல காரியம் செஞ்சீங்க. நாங்க கேட்டுக்கு வெளிய உங்க வேப்பமரத்துக்குக் கீழ உக்காந்து ஆரம்பிச்சிட்டோம், அதைச் சொல்லத்தான் அடிச்சேன். வெயில் ஒண்ணும் தெரியல. எப்சி பாய் கொண்டாந்திருக்கா. நீங்க எங்களை நினைச்சிக் கவலைப்படாம புள்ள பக்கத்துல இருங்க. வைக்கட்டா? இரிங்க, கேளுங்க, சொல்லிக்கிட்டிருக்காங்க."

"வேப்பமர நிழலுக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்."

"ஹட்சன் தம்பிய ரூபி பக்கத்துல கொண்டு போய்ச் சேத்தீரே, ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்."

...

கேட்டீர்களா. பூட்டின கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பூட்டினவனுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். நான் இன்னும் போய்ச் சேரவே இல்லை, சேர்த்ததற்கு நன்றி. எந்தக் காரியமும் நடந்து முடிகிற வரைக்கும் இவர்களுக்குப் பொறுக்காது. அந்த மூட்டு வலிக்காரிக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. சர்க்கரைக்காரி வெறும் வயிற்றில் வந்திருப்பாள், டீ கிடைக்கும் என்று நம்பி. பதினொரு மணிக்கு அந்த வேப்பமரத்தடியில் நிழலே இருக்காது, கேட்டுக்குள் போய்விடும். அது என் மரம், எனக்குத் தெரியும். யாராவது யோசித்தார்களா? அறிவு என்று ஒன்று கிடையாது அண்ணாச்சி, ஒருத்திக்கும் கிடையாது.

பால் வேறு வாங்கி வைக்கவில்லை.

இது என்ன ஊர், கருங்குளம் தாண்டிவிட்டதா? அடுத்து செய்துங்கநல்லூர்தானே?

கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. நான் செய்துங்கநல்லூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறி, வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன்.